உறங்கும் மரத்திற்கு நான்கு வாளி நீர்

மார்கழி மாதத்தில் ஒருவர் வாளியும் கையுமாக நின்று தமது வளவிலுள்ள மரக்கன்றுக்கு நீர் வார்ப்பதைக் கண்டால், யாழ்ப்பாணத்தில் அயலவர் யாது சொல்வர்? வானம் பொழிந்து ஓய்ந்திருக்கின்றது, கிணற்று நீர் மேலெழுந்து நிற்கின்றது, ஒழுங்கையெல்லாம் வெள்ளம். இந்த வேளையில் மரத்துக்கு நீர் வார்ப்பவரை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இவருக்கு என்ன நேர்ந்தது?" என்று சிரிக்க மாட்டார்களா?

நாமும் அவ்வாறே சிரித்தோம். ஆனால் நாம் சிரித்த இடம் யாழ்ப்பாணம் அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ மாநிலத்திலுள்ள போர்ட் கொலின்ஸ் என்னும் நகரம். நாம் கண்டு சிரித்தவர், எமது உறவினரின் பக்கத்து வீட்டில் வாழும் முதிய அம்மையார் ஒருவர். சிரித்த நாமே மறுநாள் வாளியும் கையுமாக அதே தெருவில் நின்றோம். அந்த ஊரைப் பற்றியும், அங்கு நாம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றியும் இன்று வாசக நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

மலையடிவார நகரம்

சில ஆண்டுகளின் முன்னர், மார்கழி மாதத்தின் கடைசிக் கிழமையில் நாம் டென்வர் நகர விமான நிலையத்தில் இறங்கினோம். எமது மருமகன் மோட்டார் வண்டியுடன் காத்திருந்தார். அங்கிருந்து வடக்கு நோக்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடினால் போர்ட் கொலின்ஸ் வந்துவிடும். வலப்புறத்தே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாடி மஞ்சளித்த புல்வெளி. இடப்புறத்தே றொக்கி மலைத்தொடர். அத்தொடரில் 14,259 அடி உயரமுள்ள லோங்ஸ் சிகரம் வெண்பனி போர்த்து நின்றது. எமது பீதுருதாலகாலை மலையின் உயரம் 8,281 அடி என்பதை நினைத்துக்கொண்டால் அதன் பெருமை விளங்கும். நகரம் அமைந்திருப்பதே ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில். நுவரெலியாவுக்குச் சற்றுத் தாழ்ந்த உயரம் என்று சொல்லலாம்.

மலைமேற் பனி இருந்தது. ஊருக்குள்ளே அதனைக் காணவில்லை. நீல வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. "பனியால் மூடுண்ட ஊரை எதிர்பார்த்து வந்தோமே, இங்கே வெயிலல்லவா எறிக்கின்றது?" என்று கேட்டோம். மருமகன் சிரித்துவிட்டு, "மாமா, எங்கள் ஊரிலே மாரி என்றால் மழை. இங்கே மாரி என்றால் வறட்சி" என்றார்.

அச்சொல்லின் முழுப் பொருளும் அன்று எமக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்திலே கார்த்திகை மாதம் மட்டும் 12 அங்குலத்துக்கு மேல் மழை தருவதுண்டு. போர்ட் கொலின்சிலோ ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வானம் வழங்குவது 15 அல்லது 16 அங்குலமே. அதிலும் மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களும் கூடிக் கொடுப்பது 2 அங்குலத்துக்குக் குறைவு. பனி பெய்கின்றதே என்று சிலர் கேட்கலாம். பத்து அங்குலப் பனி உருகினால் ஏறக்குறைய ஓரங்குல நீர்தான் கிடைக்கும். பஞ்சு போன்ற உலர்ந்த பனியாயின் அவ்வளவும் கிடையாது. பார்வைக்குப் பெருஞ் செல்வம். எண்ணிப் பார்த்தாற் சில்லறைக் காசு.

அத்தான் நட்ட மரம்

நாம் சென்றது ஊர் பார்ப்பதற்காக மட்டும் அன்று. எமது தமக்கையார் அந்நகரிலே காலமாகி ஓராண்டும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. இறுதிக் கிரியைக்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டவில்லை. எழுபத்தெட்டு வயதான அத்தானையாவது ஒருமுறை பார்த்துவர வேண்டுமென்ற எண்ணமே எம்மை அவ்வளவு தூரம் இழுத்துச் சென்றது. வடமராட்சிப் பாடசாலை ஒன்றில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர் அவர். எதனையும் அளந்து பார்த்த பின்னரே பேசுவார். தமக்கையார் சென்ற பின்னர் பேசுவதையும் குறைத்துக்கொண்டார் என்று மருமகன் வழியிற் சொன்னார்.

வீட்டின் முன்றிலில் இரண்டாள் உயரமான ஓர் இளமரம் நின்றது. அதில் ஓரிலையும் இல்லை. தண்டைச் சுற்றி அடியிலிருந்து முதற் கிளை வரை வெளிர்நிறத் தாட்பட்டி ஒன்று சுற்றப்பட்டிருந்தது. காலைதோறும் அத்தான் தேநீர்க் கோப்பையுடன் வெளியே சென்று அதனருகிற் சிறிது நேரம் நிற்பார். பின்னர் ஒன்றும் பேசாது உள்ளே வந்துவிடுவார். மூன்றாம் நாள், "இதுதானா அக்காவின் பேரில் வைத்த மரம்?" என்று நாமே கேட்டோம்.

"இல்லைத் தம்பி. இது இரண்டாவது" என்றார் அத்தான்.

பின்னர் அவர் சொன்ன கதை இது. தமக்கையார் முதன்முதலாக அந்நாட்டில் வந்திறங்கியது ஐப்பசி மாதத்தில். தெருவோரத்து மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் சிவந்து நின்றதைக் கண்டு, "ஊர் வேலியில் முள்முருக்குப் பூத்ததுபோல இருக்கின்றதே" என்று அதிசயித்தாராம். அன்று முதல் அவருக்கு அது முருக்கு மரமே. மேப்பிள் என்று அவர் சொன்னதில்லை. ஆகவே அவர் காலமான மறுமாதம், புரட்டாதியில், அத்தான் ஒரு மேப்பிள் மரத்தை வாங்கி முன்றிலில் நட்டார். இலை உதிரும் வரை தவறாமல் நீர் வார்த்தார். இலை உதிர்ந்தது, குளிர் வந்தது, மரம் உறங்கியது. "உறங்குகிற பிள்ளையை எழுப்பி யாராவது பால் பருக்குவார்களா என்று நானும் விட்டுவிட்டேன்" என்றார்.

வைகாசியில் மரம் துளிர்த்தது. வீட்டிலுள்ளோர் யாவரும் மகிழ்ந்தனர். ஆனி பிறந்ததும் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. அத்தான் காலையும் மாலையும் நீர் வார்த்தார், நிழலுக்குத் துணி கட்டினார், பசளையிட்டார். ஆடி நடுவில் மரம் பட்டுப்போயிற்று.

"நீர் குறைந்துவிட்டதோ, கூடிவிட்டதோ என்று இன்றும் கணக்குப் பார்க்கின்றேன், தம்பி. விடை வரவில்லை. அவளையும் காப்பாற்ற முடியவில்லை; அவள் பேரில் வைத்த மரத்தையும் காப்பாற்றத் தெரியவில்லை" என்றார். நாம் யாது சொல்வது என்று அறியாது நின்றோம்.

பக்கத்து வீட்டு அம்மையார்

தை மாதம் இரண்டாம் கிழமை. மூன்று கிழமையாக வானிலிருந்து ஒரு துளியும் விழவில்லை. ஒருநாள் நண்பகலில் யன்னலோரம் இருந்தபோதுதான், பக்கத்து வீட்டு அம்மையார் தமது வளவிலுள்ள ஊசியிலை மரத்தின் அடியில் நீர்க்குழாயைக் கிடத்தி, சற்றைக்கொரு தடவை இடம் மாற்றி வைப்பதைக் கண்டோம். கொட்டும் குளிர்காலத்தில் மரத்துக்கு நீர் இறைக்கின்றாரே என்று எமக்குச் சிரிப்பு வந்தது. "அத்தான், இங்கே வந்து இந்த வேடிக்கையைப் பாருங்கள்" என்று அழைத்தோம்.

அத்தான் வந்தார், பார்த்தார், சிரிக்கவில்லை. மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே சென்றார். நாமும் பின்தொடர்ந்தோம்.

அந்த அம்மையார் நாற்பது ஆண்டுகளாக அவ்வூரில் வாழ்பவர். அத்தான் கேட்ட கேள்விக்கு அவர் வாயால் மறுமொழி சொல்லவில்லை. ஒரு நீண்ட இரும்புக் கம்பியை எடுத்து வந்து எமது இளமரத்தின் அருகே மண்ணிற் குத்தினார். நிலம் உறைந்திருந்தாற் கம்பி இறங்காது; ஈரமாயிருந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதுவோ நறநறவென்று ஓரிரு அங்குலம் சென்று நின்றது. கிளறிப் பார்த்தோம். உலர்ந்த களிமண் கட்டி கட்டியாக உடைந்தது. இடையிடையே விரல் நுழையக்கூடிய வெடிப்புகளும் இருந்தன.

பின்னர் அவர் விளக்கினார். அவர் சொன்னவற்றையும், அந்நகரிலே 1870 ஆம் ஆண்டு விவசாயக் கல்லூரியாகத் தோன்றி இன்று கொலராடோ அரச பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் விரிவாக்கப் பிரிவு வெளியிடும் அறிவுரைகளில் நாம் பின்னர் வாசித்தவற்றையும் மாணவர்களுக்காக இங்கே சுருக்கித் தருகின்றோம்.

குளிர்காலத்தில் மரத்தின் மொட்டுகள் உறங்குகின்றன. இலைத் தொழில் நின்றுவிடுகின்றது. ஆயினும் வேர்கள் அவ்வாறு முற்றாக உறங்குவதில்லை. மண்ணின் வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கும் நாட்களில் அவை மெல்ல மெல்லத் தொழில் செய்கின்றன. நீரைக் கவரும் நுண்ணிய வேர்கள் நிலத்தின் மேல் 18 அங்குல ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலும் இருப்பதனால், மேல்மண் உலர்ந்ததும் முதலில் மடிவன அவையே. இலையில்லாத மரமுங்கூடச் சுள்ளியிலும் மொட்டிலும் பட்டையிலுமிருந்து சிறிது சிறிதாக நீரை இழக்கின்றது. ஊசியிலை மரங்களோ ஆண்டு முழுவதும் இலை தாங்குவன. அவற்றின் இழப்பு இன்னும் பெரிது. இன்னுமொன்று: ஈரமண் பகலின் வெப்பத்தைச் சேமித்து வைக்கும், உலர்ந்த மண் விரைவிற் குளிர்ந்துபோகும், வெடிப்பு வழியே கடுங்குளிர்க் காற்று வேர்வரை இறங்கும். ஆகவே வேருக்கு நீர் உணவு மட்டும் அன்று, போர்வையுமாகும்.

இளமரத்தின் நிலை மேலும் இரங்கத்தக்கது. தோட்டத்திலிருந்து பெயர்த்தெடுக்கும்போதே அதன் வேர்களிற் பெரும் பகுதி வெட்டுண்டு போகின்றது. தண்டின் விட்டம் ஓரங்குலமாயின் அது புதிய மண்ணில் வேரூன்றி நிலைகொள்ள ஏறக்குறைய ஓராண்டு செல்லும், ஈரங்குலமாயின் இரண்டாண்டு. அதுவரை அது பிறர் கையை நம்பியே வாழ்கின்றது.

இனிக் கவனிக்க வேண்டியது யாதெனில், வேர் மடிந்த செய்தியை மரம் உடனே சொல்வதில்லை. முந்திய கோடையிற் சேமித்து வைத்த உணவு தண்டிலும் கிளையிலும் இருக்கின்றது. இளவேனில் வந்ததும் அந்தச் சேமிப்பைச் செலவிட்டு மரம் துளிர்க்கின்றது. பார்ப்போர் மகிழ்கின்றனர். வெயில் ஏறி இலைகள் நீர் கேட்கும்போது, கொடுப்பதற்கு வேர் இல்லை. அப்பொழுது நாம் எவ்வளவு நீர் வார்த்தாலும் அதைக் குடிக்க வாய் இல்லை.

"உங்கள் முதல் மரம் ஆடியிற் பட்டது என்றீர்களே, பெரும்பாலும் அது தையிலேயே பட்டிருக்கும். ஆடியில் நீங்கள் அதைக் கண்டீர்கள், அவ்வளவுதான்" என்றார் அம்மையார்.

அத்தான் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்படியானால் ஆடியில் நான் செய்தது ஒன்றும் பிழையில்லை" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "பிழை தையில்" என்றார். அதுவரை வராதிருந்த விடை அன்று அவருக்கு வந்துவிட்டது.

சினூக் என்னும் காற்று

அன்றிரவு காற்று வீசத் தொடங்கியது. யன்னற் கதவுகள் அதிர்ந்தன. விடியற் காலையில் வெளியே சென்றபோது குளிருக்குப் பதிலாக இளஞ்சூடு முகத்தில் அடித்தது. முன்னர் பெய்த பனியில், நிழலான இடங்களிற் படிந்து கிடந்த கடைசித் திட்டுகளும் மறைந்துவிட்டன. அவை உருகி ஓடிய சுவட்டையும் காணவில்லை. நிலம் முன்னிலும் உலர்ந்து கிடந்தது.

இக்காற்றுக்குச் சினூக் என்று பெயர். பனியை உண்ணும் காற்று என்றும் அங்குள்ளோர் சொல்வதுண்டு. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று றொக்கி மலையில் ஏறும்போது தன் நீரையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிற் பனியாகச் சொரிந்துவிடுகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது, ஒவ்வோர் ஆயிரம் அடி இறக்கத்துக்கும் ஏறக்குறைய 3 பாகை செல்சியஸ் வீதம் சூடேறி, உலர்ந்து வறண்ட காற்றாக அடிவாரத்து ஊர்களின்மேற் பாய்கின்றது. பனி நீராகி மண்ணுட் செல்லுமுன்னரே ஆவியாகி அக்காற்றோடு போய்விடுகின்றது.

மட்டக்களப்பு வாசகர்கள் இதனை வாசித்ததும் புன்னகை செய்வர். ஆனி, ஆடி மாதங்களிலே மேற்கு மலைச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கி அனலாய் வீசும் கச்சான் காற்றை அவர்கள் அறிவார்கள். இரண்டும் ஒரே வகைக் காற்று. ஒன்று வெயிற் காலத்தில் எமது வாழையைக் கிழிக்கின்றது. மற்றது குளிர்காலத்தில் அவர்களது இளமரத்தை உலர்த்துகின்றது.

கணித ஆசிரியரின் கணக்கு

காற்று ஓய்ந்ததும் அத்தான் அடிமட்டத்தைக் கையில் எடுத்தார். நிலத்திலிருந்து 6 அங்குல உயரத்தில் தண்டின் விட்டத்தை அளக்க வேண்டும் என்பது விதி. சரியாக 2 அங்குலம் இருந்தது. ஓரங்குல விட்டத்துக்கு 10 கலன் வீதம் 20 கலன். அமெரிக்கக் கலன் எமது பழைய கலனிலும் சிறியது. ஆகவே 20 கலன் என்பது ஏறக்குறைய 75 லீற்றர். ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை, பனியோ மழையோ இல்லாத காலங்களில், மாதத்துக்கு ஒரு தடவை அல்லது இரு தடவை இவ்வளவு நீர் வார்த்தாற் போதும். புதிதாக நட்ட செடியாயின் 5 கலன் வீதம் மாதம் இருமுறை. வேரூன்றிய சிறு செடியாயின் அதே 5 கலன் மாதம் ஒருமுறை.

நாளும் நேரமும் பார்த்தே வார்க்க வேண்டும். காற்றும் மண்ணும் 4 பாகைக்கு மேற் சூடாயிருக்க வேண்டும். நிலத்திற் பனி மூடியிருத்தல் ஆகாது. அவ்வூரில் தை மாதத்து இரவுகள் பூச்சியத்துக்குக் கீழ் 8 பாகை அளவுக்குக் குளிர்வது வழக்கம். பகலிலோ பல நாட்கள் 6 பாகைக்கும் மேலே ஏறும். ஆகையால் நண்பகலில் வார்த்தால் மாலைக்கிடையில் நீர் மண்ணுள் இறங்கிவிடும். மாலையில் வார்த்தால் அது தண்டைச் சுற்றிப் பனிக்கட்டியாய் உறைந்து மரத்துக்குத் தீங்கு செய்யும்.

ஆனால் நீரை எங்கே பெறுவது? அவ்வூர் வீடுகளில் புற்றரைக்கும் மரத்துக்கும் தாமாகவே நீர் தெளிக்கும் குழாய்கள் நிலத்தினுட் புதைக்கப்பட்டுள்ளன. ஐப்பசியிலே அவற்றை அடைத்து, உள்ளே நிற்கும் நீரையும் அமுக்கக் காற்றினால் ஊதி வெளியேற்றிவிடுவார்கள். இல்லையேல் நீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். குழாயை அடைப்பதோடு மரத்தையும் மறந்துவிடுகின்றனர். மரம் பட்டுப்போவதற்கு இந்த மறதியே பெருங் காரணம் என்று அம்மையார் சொன்னார்.

நாம் மருமகனிடம் 5 கலன் கொள்ளும் வாளிகள் நான்கு வாங்குவித்தோம். அவற்றின் அடியில் ஒவ்வொரு சிறு துளையிட்டு, மரத்தைச் சுற்றி நான்கு திசையிலும், தண்டுக்கு மிக அருகில் அன்றிச் சற்று விலக்கி வைத்தோம். நீர் துளித்துளியாக இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேற் சென்றது. ஓரடி ஆழம் வரை மண் நனைய வேண்டும் என்பதே நோக்கம். இதைப் பார்த்தபோது எமது பாட்டனாரின் நினைவு வந்தது. மாங்கன்றின் அடியிலே துளையிட்ட மட்குடத்தை வைத்து, சித்திரை வெயிலில் நீர் கசிய விடுவார் அவர். "முறை ஒன்றுதான், தம்பி. மாதந்தான் மாறிப்போயிற்று" என்றார் அத்தான்.

சமையலறைக் குழாயிலிருந்து முன்றிலுக்கு நீர் சுமந்தோம். மூன்றாவது வாளியில் எமக்கு மூச்சு வாங்கியது. எழுபத்தெட்டு வயதான அத்தானோ, அரை வாளி அரை வாளியாகத் தமது பங்கைத் தாமே சுமந்தார். நாம் வாங்க முற்பட்டபோது தரவில்லை. தெருவிற் சென்ற இளைஞர் இருவர் எம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போயினர். அன்று நாம் சிரித்த சிரிப்பு எமக்கே திரும்பி வந்தது.

மறுநாள் மரச் சீவல்களைக் கொணர்ந்து, தண்டைத் தொடாதபடி சுற்றிலும் 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பினோம். ஈரம் காக்க அது உதவும். தண்டிற் சுற்றிய தாட்பட்டியின் பயனும் அப்பொழுதுதான் விளங்கியது. குளிர்கால வெயில் தென்மேற்குப் பக்கத்துப் பட்டையைப் பகலிற் சூடாக்கும். சூரியன் மறைந்ததும் அதே பட்டை உறையும். இவ்வாறு மாறி மாறி நேர்ந்தால் இளமரத்தின் பட்டை வெடித்துவிடும். அதைத் தடுக்கவே கார்த்திகையிற் சுற்றிச் சித்திரையில் அவிழ்க்கின்றனர்.

மனிதர் வளர்த்த சோலை

நீர் இறங்கும் வரை காத்திருந்த நாட்களில் நகரைச் சுற்றிப் பார்த்தோம். பல்கலைக்கழகத்தின் நீள்வட்டத் திடலைச் சூழ்ந்து பெரிய எல்ம் மரங்கள் நிற்கின்றன. பழைய வீதிகளிலே இருபுறத்து மரக்கிளைகளும் தலைக்கு மேலே கைகோத்து நிற்கின்றன. இவையெல்லாம் இயற்கை தந்தவை என்றே முதலில் நினைத்தோம். அவ்வாறன்று. 1820 ஆம் ஆண்டிலே ஸ்டீபன் லோங் என்னும் படை அதிகாரியின் குழுவினர் இச்சமவெளி வழியே மலையடிவாரம் வரை வந்தனர். அவர்களது பயணத்தின் பயனாக வெளிவந்த வரைபடம் இந்நிலத்தைப் பெரும் பாலைவனம் என்று குறித்தது. முன்னர் நாம் கண்ட சிகரம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்நாளில் ஆற்றங்கரையோரத்துக் கொட்டன்வூட் மரங்களைத் தவிர, சமவெளியில் மரம் அரிது. இன்று தெருவில் நிழல் தரும் மரங்களுக்குப் பின்னே, அவற்றை நட்டு நீர் வார்த்த மனிதர்கள் உள்ளனர்.

அந்நீருக்கும் ஒரு வரலாறு உண்டு. கொலராடோவிலே நீரிற் பெரும் பகுதி மலைக்கு மேற்கே விழுகின்றது. மக்களிற் பெரும் பகுதியினர் கிழக்கே வாழ்கின்றனர். ஆகவே 1938 ஆம் ஆண்டு தொடக்கம் 1957 ஆம் ஆண்டு வரை பெருந் திட்டமொன்றை நிறைவேற்றினர். மலையை ஊடறுத்து 13 மைல் நீளமான சுரங்கம் ஒன்றைத் தோண்டினர். 1947 ஆம் ஆண்டில் அதன் வழியே மேற்குத் திசை நீர் கிழக்கே பாய்ந்தது. அந்நீரின் ஒரு பகுதி, குதிரைப்பல் என்று பொருள்படும் ஹோர்ஸ்டூத் நீர்த்தேக்கத்தில், நகரின் மேற்கு எல்லையிலே தேங்கி நிற்கின்றது. ஒருநாள் மாலை அத்தானை அங்கே அழைத்துச் சென்றோம். நகரின் குழாய்நீர் ஆற்றிலிருந்தும் இத்தேக்கத்திலிருந்தும் வருவது என்று மருமகன் சொல்ல, அத்தான் நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மலையைத் துளைத்து இவ்வளவு தூரம் நீர் வந்திருக்கின்றது. சமையலறையிலிருந்து முன்றில் வரை கொண்டுபோக எனக்குத் தெரியவில்லையே" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நாம் வந்த பின்னர் அவர் சிரித்தது அதுவே முதல் தடவை.

எமக்கும் ஒரு கணக்கு

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தமக்கையார் காலமான கிழமையிலே நாம் நாள்தோறும் அத்தானுடன் தொலைபேசியிற் பேசினோம். உறவினரும் ஊரவரும் பேசினர். முப்பத்தொன்றாம் நாள் கழிந்தது, கிழமைக்கு ஒருமுறையாயிற்று. பின்னர் மாதத்துக்கு ஒருமுறை. "அத்தான் எப்படி?" என்று மருமகனைக் கேட்போம். "அமைதியாக இருக்கின்றார்" என்பார். அமைதியாக இருப்பவரை ஏன் கலைக்க வேண்டும் என்று நாமும் விட்டுவிட்டோம். ஆண்டுத் திவசத்துக்கு எல்லோரும் மீண்டும் பேசினோம். அவரும் நன்றாகப் பேசினார். அவர் தேறிவிட்டார் என்று மகிழ்ந்தோம்.

இலை கருகும்போது ஓடிவந்து நீர் வார்ப்பது யாவர்க்கும் இயல்பு. இலையே இல்லாமல், கேட்கவும் வாயில்லாமல், வெறுங் கம்பாக நிற்கும்போது வார்ப்பவர்களே சிலர். அந்தச் சிலருள் நாம் இருக்கவில்லை என்பதை அன்றிரவு உணர்ந்தோம்.

பங்குனிப் பனி

மாசி மாதத்தில் இருமுறை நீர் வார்த்தோம். நாம் புறப்பட வேண்டிய நாள் பங்குனி நடுவில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக வானம் இருண்டு பனி கொட்டியது. பங்குனியே அவ்வூரில் மிகுதியான பனி பெய்யும் மாதம். அதுவும் பஞ்சுப் பனி அன்று. கையிற் பிழிந்தால் நீர் சொட்டும் கனத்த பனி. முன்றிலெங்கும் ஓரடி உயரத்துக்குப் படிந்தது. அத்தான் யன்னலோரம் நின்று பார்த்து, "இம்முறை வாளி தேவையில்லை" என்றார்.

புறப்படும் நாட் காலையில் அவர் எம்மை வெளியே அழைத்தார். பனியை மிதித்துக்கொண்டு மரத்தடிக்குச் சென்றோம். ஒரு சிறு சுள்ளியின் பட்டையை நகத்தினால் மெல்லச் சுரண்டினார். அதனுள்ளே பச்சை தெரிந்தது. உலர்ந்த சுள்ளியாயின் உள்ளேயும் பழுப்பாயிருக்கும். "உயிர் இருக்கின்றது. ஆனால் வைகாசித் துளிரை நான் இனி நம்பமாட்டேன். ஆடி கழியட்டும்" என்றார் கணித ஆசிரியர்.

ஊர் திரும்பிய பின்னர், ஞாயிறுதோறும் காலையில் அத்தானுடன் பேசுவதை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம். பல நாட்களிற் பேச ஒன்றும் இருக்காது. இங்கே மழையா என்று அவர் கேட்பார். அங்கே காற்றா என்று நாம் கேட்போம். ஆனாலும் பேசினோம். வைகாசியில் மரம் துளிர்த்தது. ஆனி கடந்தது. ஆடியும் கடந்தது. ஆவணி முதற் கிழமையில் அவர், "தம்பி, ஓரிலையும் கருகவில்லை" என்றார்.

ஐப்பசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். இலையெல்லாம் சிவந்து, வேலியில் முள்முருக்குப் பூத்ததுபோலவே மரம் நின்றது. அதனடியில் அத்தான் நின்றார். படத்தின் கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவே: "நேற்றுத் தோட்டத்துக் குழாயை அடைத்துவிட்டார்கள். நான்கு வாளிகளையும் கழுவி வைத்திருக்கின்றேன்."